மேட்டில் வந்த நாற்பத்து மூன்று செய்திகள்

நவம்பர் 12, செவ்வாய்

இல்லை, சர்வர் பொய் சொல்லாது. அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டே வரி. "நவம்பர் 5 இரவு 8.10க்கு டாக்டர் அனுப்பிய செய்தி, நவம்பர் 6 காலை 7.05க்கு நர்ஸ் ஜெயசீலியின் கைபேசியில் சேர்ந்தது. மென்பொருளில் பிழை இல்லை." கீழே என் பெயர், சுகிர்தா. அதன் கீழே பதவி.

பழனிவேல் கேட்டது அதைத்தான். அவர் தொடங்கிய கம்பெனி இது. ஆறு பேர். வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்குச் செய்தி அனுப்பும் செயலி செய்து கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு வேறு பெரிய வாடிக்கையாளர் இல்லை. ஆனைகட்டிப் பக்கம் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்த நர்ஸ், இன்சுலினைப் பாதியாகக் குறைக்கச் சொன்ன செய்தியைக் கவனிக்காமல் முழு அளவைப் போட்டுவிட்டார். பதினோரு மணிக்குப் பெரியவர் மயங்கி விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். செய்தியே வரவில்லை என்கிறார் நர்ஸ். வந்ததா இல்லையா என்று அவர்கள் எங்களைக் கேட்டார்கள்.

சர்வர் பதிவைத் திறந்தேன். ஒரு பெயர், ஒரு நேரம், சேர்ந்தது என்று ஒரு டிக். நான்கு நிமிட வேலை.

விடுதியில் இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழிருந்து இரண்டு வாளி தூக்கினேன். மூச்சு வாங்கியது. இருபத்தாறு வயதில் வாங்கக் கூடாது என்றாள் பிரேமா. அறைத்தோழி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எல்லாரையும் ஒரு முறை ஊசி குத்திப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

நவம்பர் 13, புதன்

அம்மா இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்ததுமே பேசிவிட்டது மாதிரி ஒரு நிம்மதி.

நவம்பர் 14, வியாழன்

அந்த நர்ஸ் அலுவலகத்துக்கு அழைத்தார். ரியாஸ்தான் எடுத்தான். என் பக்கத்து மேசை. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, கன்னியாகுமரிக்காரம்மா, உன்னைத்தான் கேட்குது, கோபமா இல்லை, அதுதான் பயமா இருக்கு என்றான்.

குரல் நிதானமாக இருந்தது. கடிதம் நான் எழுதியதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"என் போன பாக்காமலே எப்படி எழுதினீங்க?"

போனைப் பார்க்கத் தேவையில்லை, சர்வரில் எல்லாம் பதிவாகும் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, வரும் 25ஆம் தேதி விசாரணை என்றார். இருபத்தொரு வருஷ சர்வீஸ். கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டால் அதன் பிறகு எந்த வீட்டிலும் நோயாளி இருக்கும் அறைக்குள் விடமாட்டார்கள். அதைப் புகார் மாதிரி சொல்லவில்லை, பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார்.

ஒரு முறை போனைப் பார்த்துவிடலாமே என்றேன் பழனிவேலிடம். பாருங்க, நமக்கும் நல்லதுதான், அழிச்சிருந்தா அதுவும் தெரிஞ்சிரும் என்றார்.

அழித்திருப்பார் என்று நானும் நினைத்தேன்.

நவம்பர் 16, சனி

போத்தனூர். ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஜெயசீலியின் தங்கை வீடு. கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து நேந்திரங்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பது இருக்கும். சுவரில் வெள்ளைச் சீருடை, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்.

"அந்த டிக்குப் பிள்ளையா? இரி."

கட்டன் சாயா கொடுத்தார். இனிப்பு அதிகம். குடித்து முடித்தேன்.

பிறகு அவராகவே சொன்னார். அந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் கிடையாது. காலையில் மேலே சாலை வரை ஏறிப்போனால் கிடைக்கும். ஆனால் விடிந்ததும் போக முடியாது, யானை நிற்கும். பால்காரர் பைக் சத்தம் கேட்ட பிறகுதான் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார். குடை யானைக்கு இல்லை, நாய்க்கு. மேட்டில் இரண்டு நிமிடம் நின்றால் முந்தின நாள் செய்தி எல்லாம் மொத்தமாக விழும். அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, சர்க்கரை பார்த்து, ஊசி போடுவார். தினமும் அப்படித்தான். அன்றும் அப்படித்தான்.

"அன்னைக்கு முழுக்க வாழ்த்தாக்கும். நாகலட்சுமி மேடத்துக்குப் பிறந்தநாளு. எல்லா பிள்ளையளும் பூப்பூவா போட்டிருந்து. டாக்டர் போட்டது ஒண்ணுமில்ல. இருந்தா நான் குறைக்க மாட்டனா?"

நாகலட்சுமி மேடம்தான் நர்ஸ்களின் தலைமை. விசாரணையும் அவர்தான்.

செய்தி எதையாவது தெரியாமல் அழித்தீர்களா என்று கேட்டேன். தெரியாமல் என்பதை அழுத்திச் சொன்னேன், மரியாதைக்காக. சீவிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தினார்.

"மக்ளே, அலாரம் வைக்கவே எனக்கு எந்தங்கச்சி மக வேணும். டாக்டர் மெசேஜ மட்டும் தேடி அழிச்சிட்டு வாழ்த்தயெல்லாம் விட்டுவைக்கத்தக்க வெவரம் எனக்கு எங்க இருக்கு? அவ்வளவு வெவரம் இருந்தா நான் உன் வேலைக்கு வந்திருப்பேன்."

கைபேசியைக் கணினியில் பொருத்தி, அதிலிருந்த பதிவை நகலெடுத்துக்கொண்டேன். திரையில் வாழ்த்துகளைப் பார்த்தேன். எண்ணினேன். சரியாக எண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பெரியவர் எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்கு அழைக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவாம். யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன் என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

துவைத்தேன். மழை. எதுவும் காயவில்லை. பிரேமாவின் சுடிதாரும் என் சட்டையும் மின்விசிறிக்கு அடியில் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருந்தன. படுத்துக்கொண்டு அதையே பார்த்தேன்.

அம்மா ஒரு முறை.

நவம்பர் 18, திங்கள்

நகலெடுத்ததை எண்ணினேன். இருபத்தொன்று. சர்வர் அன்று காலை 7.05க்குச் சேர்த்ததாகச் சொல்வது நாற்பத்து மூன்று.

அழித்ததற்கான தடம் எதுவும் கைபேசியில் இல்லை.

அலுவலகத்திலிருக்கும் பழைய கைபேசியை ஒரு மணி நேரம் இணைப்பில்லாமல் வைத்தேன். நாற்பத்து மூன்று செய்திகள் அனுப்பினேன். டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு, ஆங்கிலத்தில், நாங்கள் எப்போதும் அனுப்புகிற மாதிரி. இணைப்பைக் கொடுத்தேன். நாற்பத்து மூன்றும் வந்தன. மறுபடி செய்தேன். வந்தன. ஐந்து முறை.

சந்தோஷப்பட்டேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறுக்கக் கூடாது என்பதற்காக. மத்தியானம் இரண்டு சப்பாத்தி அதிகம் சாப்பிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. யாரும் டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதில்லை.

ஜெயசீலியின் கைபேசியிலிருந்த வாழ்த்துகளை அப்படியே எடுத்தேன். "அன்பும் பண்பும் நிறைந்த எங்கள் மேடம் அவர்களுக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்." பக்கத்தில் ஆறு ரோஜா. நாற்பத்திரண்டு ஆகும்வரை நகலெடுத்து, முதலில் புகாரோடு வந்த டாக்டரின் செய்தியை வைத்து, அனுப்பினேன். பழைய கைபேசிக்கு இணைப்பைக் கொடுத்தேன்.

இருபத்தொன்று. முதலில் இருந்தது டாக்டருடையது இல்லை.

சர்வரில் நாற்பத்து மூன்று டிக்.

தொலைத்தது கைபேசியிலிருக்கும் எங்கள் பஃபர். பஃபர் என்பது பெரிய விஷயம் இல்லை. விடுதி மெஸ்ஸில் தட்டு வைக்கிற மேடை மாதிரி. வருகிற தட்டு அங்கே சற்று நேரம் நிற்கும், பிறகு யாராவது உள்ளே எடுத்துப் போவார்கள். எங்கள் மேடையில் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டுக்குத்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு மூன்று, கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மும்மூன்று. ரோஜாவுக்கு நான்கு. மேடை நிறைந்தால் அடுத்த தட்டு முதலில் வந்த தட்டின் மேல் இறங்கும். அடியிலிருந்தது போய்விடும். சத்தமில்லாமல்.

நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் வீட்டில் தமிழ். இரண்டு வருஷத்தில் ஒருவர்கூடத் தமிழில் சோதித்துப் பார்க்கவில்லை. வேலை என்று உட்கார்ந்ததும் கை தானாக ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது.

ரியாஸ் என் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "பொறந்தநாள் வாழ்த்தால மனுஷன் மயங்கி விழுந்தது இதான் முதல் தடவை" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை.

காணாமல் போனவை இருபத்திரண்டு. அதில் இருபத்தொன்று வாழ்த்து. அதை யாரும் தேடவில்லை.

நவம்பர் 20, புதன்

மேடை சிறியதாக இருந்தது மட்டும் காரணம் இல்லை. ஆரம்பத்திலிருந்தே அது அதே அளவுதான்.

முன்பு வரிசை இப்படி: செய்தியை மேடையில் வை, கைபேசியின் நினைவில் எழுது, டிக் அனுப்பு. இடமில்லாமல் தொலைந்தால் டிக் போகாது. டிக் வராததால் சர்வர் அதை மறுபடி அனுப்பும். இப்போது இருப்பது: மேடையில் வை, டிக் அனுப்பு, பிறகு எழுது. டிக் கிடைத்ததும் சர்வர் தன்னிடமிருப்பதைத் துடைத்துவிடும்.

அக்டோபரில் யாரோ ஒரு வரியை இரண்டு வரி மேலே ஏற்றியிருக்கிறார்கள். டிக் தாமதமாக வருகிறது என்று நர்ஸ் நிறுவனம் குறைசொல்லிக்கொண்டே இருந்தது, அதைச் சரிசெய்ய. மேடையை நிரப்பிப் பார்க்கும் தானியங்கிச் சோதனை அன்று தவறு என்று சிவப்பு காட்டியிருக்கிறது. ஆனாலும் யாரோ பச்சை என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை எல்லாக் கைபேசிகளுக்கும் போய்விட்டது.

யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று பார்க்க ஒரு கட்டளை போதும். மாலை வரை அதை அடிக்கவில்லை. காபி இயந்திரத்தைக் கழுவினேன். அது என் வேலை இல்லை.

அடித்தேன். அக்டோபர் 10, வியாழன், மதியம் 2.52. சுகிர்தா.

அடிப்பதற்கு முன்பே தெரியும் என்று எழுதலாம். எழுதவில்லை.

நவம்பர் 21, வியாழன்

சரிசெய்துவிட்டேன். வரியைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். மேடை நிறைந்தால் காத்திருக்கச் சொன்னேன். பதினோரு நிமிடம். நாற்பத்து மூன்று செய்தியையும் நூற்றுக்கணக்கில் பெருக்கி அனுப்பிப் பார்த்தேன். ஒன்றும் தொலையவில்லை.

அக்டோபர் 10 பற்றி. எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு லேப்டாப்புகளைத்தான் வைப்போம். ஆறையும் மூடி, அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் சாமந்தி. முந்தைய நாள் மூன்று மணிக்குப் பழனிவேலின் மனைவி பொரியும் கடலையும் பூசணிக்காயுமாக வந்துவிடுவார். வைத்த கருவியை விஜயதசமி முடியும் வரை தொடக் கூடாது. அதனால் அன்று எல்லாருமே மூன்று மணிக்குள் கையிலிருக்கும் வேலையை ஏற்றிவிட ஓடுவோம். சோதனை ஓடி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். 2.52க்கு ஏற்றினால் முடிவு வரும்போது லேப்டாப்பின் மேல் சாமந்தி இருக்கும்.

அந்தச் சோதனை எப்போதுமே சிவப்பு காட்டுவதுதான். பாதி நாள் காரணமில்லாமல் சிவக்கும். நாங்கள் பழகிவிட்டோம்.

இது விளக்கம் மட்டும்தான்.

நவம்பர் 22, வெள்ளி

பழனிவேலிடம் சொன்னேன். எதிர்த்த டீக்கடைக்கு அழைத்துப் போனார். முக்கியமானதை எல்லாம் அங்கேதான் பேசுவார். மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் நின்றோம்.

முழுவதும் கேட்டார். சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். ஆகிவிட்டது என்றேன்.

"அப்புறம் என்னங்க? சரியான தப்பைப் பத்தி எதுக்குக் கடிதம்?"

கடிதத்தை வைத்துத்தான் திங்கட்கிழமை விசாரணை என்றேன். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நாகலட்சுமி மேடத்திடம் பேசுவார். வயசான அம்மா, நல்ல சர்வீஸ், பெரியவரும் பிழைத்துவிட்டார், ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுங்கள் என்று. அவர்கள் கேட்பார்கள். புதிய பதிப்பை 'சிறு மேம்பாடுகள்' என்று போட்டு அனுப்பிவிடலாம். உண்மையைச் சொன்னால் ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால் ஆறு பேரும் வீட்டுக்கு.

கெட்ட மனிதர் இல்லை. என்னை வேலைக்கு எடுத்தவர். போன வருஷம் இருபது நாள் நான் வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யாரு அந்த வரியை மாத்தினாங்கன்னு நான் பாக்கலீங்க. பாக்கவும் போறதில்ல" என்றார். டீ டம்ளரைக் கல்லில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது யோசித்தேன். எச்சரிக்கை என்றால், செய்தது தப்புதான் ஆனால் போகட்டும் என்று அர்த்தம். அந்தத் தாள் அவருடைய கோப்பில் இருக்கும். அடுத்த வீட்டில் ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

சரி என்று பழனிவேலிடம் சொன்னேனா? தலையசைத்த மாதிரி ஞாபகம்.

நவம்பர் 23, சனி

சோதனை முடிவு மின்னஞ்சலில் வரும். அக்டோபர் 10, மாலை 3.31. அதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. இதை யாரிடமும் சொல்வதற்கு முன் இங்கே எழுதிவிட வேண்டும்: எனக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை.

இன்று தேடி எடுத்தேன். 'படித்தது' என்றிருக்கிறது. மாலை 5.20க்கு என் கைபேசியில் திறந்திருக்கிறேன்.

5.20க்கு நான் கரூர் பேருந்தில் இருந்தேன். முதலில் நின்றுகொண்டு. தோளில் லேப்டாப் இல்லாத பை, கையில் ஒரு துணிப்பை. அம்மா வாங்கி வரச் சொன்ன எள், தர்ப்பை, ஒரு வேட்டி. சூலூரில் உட்கார இடம் கிடைத்தது. கைபேசியைத் திறந்து எதையோ தொட்டிருக்கிறேன். சிவப்பு எழுத்தில் நான்கு வரி. அதில் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு என்ற எண்கூட இருக்கிறது.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பிலிருந்து குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எல்லாம் பச்சைதானே என்று ரியாஸ் கேட்டான். ம் என்றேன். அது ஞாபகம் இருக்கிறது.

நான் பார்க்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? படித்தது என்று பதிவில் இருக்கிறது. நானே நம்பமாட்டேன். நான்கு நிமிடத்தில், இரண்டு வரியில், இல்லை, படித்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பிரேமா தேவாலயத்துக்குப் போய்விட்டாள். அறை காலி. கடிதம் எழுதினேன்.

முதல் பிரதியில் 'எங்கள் குழு' என்று வந்தது. இரண்டாவதில் 'மாற்றம் செய்யப்பட்டது.' மூன்றாவது ஒன்றரைப் பக்கம், அதில் சாமந்திகூட இருந்தது. கிழித்தேன். நான்காவது:

"நவம்பர் 12 அன்று நான் கொடுத்த கடிதம் தவறு. டாக்டரின் செய்தி ஜெயசீலி அவர்களின் கைபேசி வரை வந்தது, ஆனால் திரைக்கு வரவில்லை. அக்டோபர் 10 அன்று மென்பொருளில் நான் செய்த மாற்றத்தால் அது அழிந்தது. சேர்ந்ததாகக் காட்டும் டிக், செய்தி பத்திரமாவதற்கு முன்பே போனது. சோதனை இதைக் காட்டியது. நான் கவனிக்கவில்லை. அவர் அந்தச் செய்தியைப் பார்த்திருக்க வழியே இல்லை. செய்து காட்டத் தயாராக இருக்கிறேன். சுகிர்தா."

மாலை 4.10க்கு நாகலட்சுமி மேடத்துக்கு அனுப்பினேன். பழனிவேலுக்கும் சேர்த்து. தனியாக அவருக்கு மன்னிக்கவும் என்று ஒரு வரி.

பதில் இல்லை.

அம்மா அழைத்தாள். எடுத்தேன். இரண்டு வாரமாக எதற்குக் கூப்பிட்டாள் என்று இப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் எண்ணை நிறுத்திவிடலாமா என்று கேட்பதற்கு. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சாப்பிட்டாயா என்றாள். ம் என்றேன். பிறகு, இல்லை, இன்னும் சாப்பிடவில்லை என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

நர்ஸ் நிறுவனத்தின் அலுவலகம். நீள மேசை, சுவரில் கை கழுவும் முறையைக் காட்டும் படம். நாகலட்சுமி மேடம், பக்கத்தில் நிர்வாகத்திலிருந்து ஒருவர். எதிரே ஜெயசீலி, அந்த உறையிலிருந்து எடுத்த சீருடையில். பழனிவேல் எனக்கு முன்பே வந்திருந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தள்ளி உட்காரவில்லை.

இரண்டு கைபேசிகளை மேசையில் வைத்துச் செய்து காட்டினேன். ஒன்றில் பழைய பதிப்பு, ஒன்றில் புதியது. இரண்டிலும் டாக்டரின் செய்தியும் நாற்பத்திரண்டு வாழ்த்தும். பழையதில் டாக்டர் காணாமல் போனார். இன்னொரு முறை என்றார் நாகலட்சுமி மேடம். மறுபடியும் போனார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தன் பிறந்தநாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இனிமேல் குரூப்பில் யாரும் வாழ்த்துப் போடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட வேண்டும் என்றார்.

"அதையும் குரூப்லதான போடுவிய மேடம்" என்றார் ஜெயசீலி.

நிர்வாகத்துக்காரர் இருமினார். சிரிப்பாக இருக்கலாம்.

பிறகு என்னைக் கேட்டார்கள். சோதனை சிவப்பு என்று தெரிந்தும் ஏன் விட்டேன்? அன்று ஊருக்குப் போகும் அவசரம் என்றேன். என்ன அவசரம் என்றார் நிர்வாகத்துக்காரர். சொந்த வேலை என்றேன். பழனிவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார். ஒப்பந்தம் பற்றிப் பிறகு பேசலாம் என்று அவரிடம் சொன்னார்கள்.

ஜெயசீலி மேல் குற்றமில்லை. வேலையில் சேரலாம் என்றார்கள். வாயால் சொன்னது போதாது, தாளில் எழுதி முத்திரை வேண்டும் என்று உட்கார்ந்தே இருந்தார். தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்தார். பெரியவர் வீட்டுக்கு நான் இப்போது அழைக்கலாமா என்று கேட்டார். அழைக்கலாம் என்றார் மேடம்.

எனக்கு நன்றி சொல்லவில்லை. நல்லவேளை. எழுந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேற யாருக்கெல்லாம் வரல்ல?"

அக்டோபர் 14 முதல், புதிய பதிப்பை எல்லாருக்கும் அனுப்பிய போன வெள்ளி வரை ஐந்தரை வாரம். அந்தக் கேள்வி எனக்கு ஒரு முறைகூட வரவில்லை. அவர் ஒருவரைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன். அவரைப் பற்றியும் இல்லை, என் கடிதத்தைப் பற்றி.

"தெரியாது. பார்க்கவில்லை" என்றேன்.

"பெரியவர் விழுந்தாரு, அதனால என்னுது தெரிஞ்சு. விழாதவங்களுக்கு என்ன வந்துதோ, என்ன வராமப் போச்சுதோ. போய்ப் பாரு மக்ளே."

நவம்பர் 26, செவ்வாய்

பார்த்தேன். சர்வர் சேர்ந்தது என்று குறித்தவற்றையும், புதிய பதிப்பு வழியாகத் தெரிந்த, கைபேசிகளில் உண்மையாக எழுதப்பட்டவற்றையும் பக்கம் பக்கமாக வைத்துக் கழித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள். அறுபத்தொரு கைபேசிகள்.

என்ன எழுதியிருந்தது என்று எங்களிடம் இல்லை. யார் அனுப்பினார், யாருக்கு, எப்போது, எத்தனை பைட். அவ்வளவுதான். பாதிக்கு மேல் வாழ்த்தாக இருக்கலாம். தீபாவளி அந்த இடைவெளியில்தான் வந்தது. ஆனால் நூற்று எண்பது பைட்டில் வாழ்த்தும் எழுதலாம், மருந்தை நிறுத்து என்றும் எழுதலாம். அனுப்பியவரைக் கேட்டால்தான் தெரியும்.

பழனிவேல் பட்டியலைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தார். நேற்று அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இந்த மாசம் வரைக்கும் நாமதானுங்க என்றார். பிறகு, இன்னிக்கு வேற வேலை எதையும் தொடாதீங்க என்றார்.

நாகலட்சுமி மேடத்துக்குப் பட்டியலை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அவரே அழைத்தார். தேதி வாரியாக வேண்டாம், டாக்டர்கள் அனுப்பியதை முதலில் கேளுங்கள் என்றார். அவருடைய அலுவலகத்திலிருந்து இருவர் பாதியைக் கேட்பார்கள், மீதி நாங்கள். ரியாஸ் கேட்காமலே இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். அங்கிருந்து அவன் குரல் கேட்டது: சார், நான் ஒரு தப்பு நடந்ததைச் சொல்லக் கூப்பிடறேன்.

என் பக்கத்தில் முதல் வரி: அக்டோபர் 15, காலை 6.48, ஒரு டாக்டர், ஒண்டிப்புதூரில் வேலை பார்க்கும் நர்ஸுக்கு. இருநூற்று நான்கு பைட்.

பத்து மணிக்கு டாக்டரை அழைத்தேன். எடுத்தார். யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன், என்ன செய்தேன் என்று சொன்னேன், அன்று காலை என்ன எழுதினீர்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். பிறகு தேடிப் படித்துக் காட்டினார். எழுதிக்கொண்டேன். நர்ஸின் எண்ணை வாங்கி அவரை அழைத்தேன்.